பைக் ஓட்டுபவர் முதுகுக்கு எந்தப் பை?

பைக்கில் சாமான் கொண்டுபோவதில் உள்ள சிக்கல்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை முதுகில் மாட்டும் பையைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: தினமும் பைக்கில்தான் வேலைக்குப் போய் வருகிறேன், போகவர நாற்பது கிலோமீட்டர். இரண்டு வருடத்தில் மூன்று பைகள் போய்விட்டன, மூன்றிலும் தோள்பட்டிதான் பிய்ந்தது. அடுத்ததாவது நீடிக்க வேண்டும். 1000 டெனியர் துணி என்று போட்டிருக்கும் பையை வாங்கலாமா?

பதில்: மூன்று பைகளிலும் துணி கிழியவில்லை, பட்டிதான் பிய்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் நான்காவது பைக்குத் துணியின் எண்ணை முதலில் பார்க்கிறீர்கள்?

டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு, அவ்வளவுதான். 9000 மீட்டர் நூலை எடை போட்டால் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் அந்த நூலின் டெனியர். 1000 டெனியர் என்றால் அந்த நீளத்துக்கு ஒரு கிலோ. நூல் எதனால் ஆனது, எவ்வளவு நெருக்கமாக நெய்திருக்கிறார்கள், பின்பக்கம் என்ன பூச்சு என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. நல்ல நைலானில் நெருக்கி நெய்த 500 டெனியர் துணி, தளர்வாக நெய்த 1000 டெனியர் பாலியஸ்டரைவிட அதிக நாள் உழைக்கலாம். துணி முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 500 டெனியருக்குக் குறையாத நைலானோ, 600 டெனியருக்குக் குறையாத பாலியஸ்டரோ இருந்தால் தினசரி ஓட்டத்துக்குத் துணி விஷயத்தில் கவலையை விட்டுவிடலாம், அதன் பிறகு பையின் ஆயுளைத் தையல்தான் தீர்மானிக்கும்.

நடந்து போகும்போது பையின் பாரம் தோளில் ஒரே சீராக இறங்குகிறது. பைக்கில் அப்படியில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் பை ஒரு கணம் மேலே எழும்பித் திரும்ப விழுகிறது, அந்த உதறலில் ஐந்து கிலோ பை தன் எடையைப்போலப் பல மடங்கு பட்டியை இழுக்கும். இதற்கு மேல் காற்றின் இழுப்பு வேறு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதாவது ஐம்பதிலிருந்து நூறுக்குப் போனால் தடை இரண்டு மடங்கில்லை, நான்கு மடங்கு. உங்கள் உடம்பின் மறைவில் இருக்கும் பைக்கு இது அவ்வளவாகத் தெரியாது, தோளுக்கு வெளியே புடைத்து நிற்கும் அகலமான பையைத்தான் காற்று பிடித்து ஆட்டும். இந்த உதறலும் ஆட்டமும் கடைசியில் போய்ச் சேருவது பட்டி பையோடு சேரும் அந்த இரண்டு அங்குலத் தையலில்.

அதனால் பையை வாங்கும்போது அதைத் திறந்து உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தோள்பட்டியின் மேல்முனை எங்கே போகிறது? வெளித் துணியின் மேல் ஒற்றைக் கோடாகத் தைத்து விட்டிருந்தால் அந்தப் பை வேண்டாம். இரண்டு துணிகளுக்கு நடுவே நுழைந்து, உள்ளே ஒரு விரல்கட்டையாவது நீண்டு, அதன் மேல் இன்னொரு நாடாவோ கெட்டித் துணியோ வைத்துச் சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போட்ட தையல் இருந்தால் நல்லது. பாரம் விழும் முனைகளில் பார்டாக் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஜீன்ஸ் பாக்கெட்டின் மூலையில் நெருக்கமாக, குட்டையாக, தடித்த கோடு மாதிரி ஒரு தையல் இருக்கிறதே, அதுதான் பார்டாக். ஆனால் தையல் ஓட்டைகள் அளவுக்கு மீறி நெருங்கியிருந்தால் அதுவும் கெடுதல், தபால்தலையின் ஓரம் மாதிரி அந்தக் கோட்டோடு துணியே கிழிந்து வந்துவிடும்.

அப்புறம் துணியின் வெட்டு விளிம்பு. உள்ளே நூல் பிரிந்து தொங்குகிறதா, இல்லை நாடா வைத்து மூடித் தைத்திருக்கிறார்களா? நாடா வைத்து மூடுவது நேரம் பிடிக்கிற வேலை, கண்ணுக்குத் தெரியாத இடம், அதனால் அவசரத்தில் செய்த பைகளில் முதலில் விட்டுப்போவது இதுதான். பையின் உடம்பை ஒரு கையிலும் பட்டியை இன்னொரு கையிலும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். தையல் ஓட்டைகள் வாய் பிளந்து வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பட்டியின் கீழ்முனையையும் மறந்துவிடாதீர்கள். மேல்முனையைக் கெட்டியாகத் தைத்துவிட்டுக் கீழே ஒரு மெல்லிய நாடாவை அடித்தையலில் சும்மா சொருகிவிட்ட பைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு முறை அறுந்தது அந்தக் கீழ்முனைதான். நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பட்டி விட்டது, பை ஒரே தோளில் சுற்றிக்கொண்டு வந்து கைமுட்டியில் இடித்தது, கை இழுபட்டதில் ஹேண்டில் திரும்பியது. பக்கத்தில் வண்டி எதுவும் வராததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்ல பையில் அடித்தையலும் பக்கத் தையலும் சேரும் மூலையில் முக்கோணத் துணி ஒன்று வைத்து, நாடாவை அதற்குள் கொடுத்துத் தைத்திருப்பார்கள். அந்த முக்கோணம் இருந்தால் பாரம் ஒரே புள்ளியில் விழாமல் பரவும்.

கேள்வி: நைலானா, பாலியஸ்டரா? கடைக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: உரசலுக்கு நைலான், வெயிலுக்கு பாலியஸ்டர். நைலான் தேய்மானத்தைத் தாங்கும், இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், ஆனால் தண்ணீரை உறிஞ்சும், ஈரத்தில் பலம் கொஞ்சம் குறையும், வருடக்கணக்கில் வெயிலில் கிடந்தால் புறஊதாக் கதிர்களால் நூல் நைந்துபோகும். பாலியஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது, வெயிலில் நிறமும் பலமும் மெதுவாகத்தான் குறையும், ஆனால் அதே பருமனில் உரசலுக்கு நைலானிடம் தோற்றுவிடும். பாலிஸ்டிக் நைலான் என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் குண்டு துளைக்காத துணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் காலத்தில் விமானப் படையினரின் உடலைக் குண்டுச் சிதறல்களிலிருந்து காக்க உருவான நெசவு அது, பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. இன்று பைகளில் வரும்போது அதற்குத் தேய்மானத்தைத் தாங்கும் தடித்த துணி என்று மட்டும் பொருள்.

என்னைக் கேட்டால் அடிப்பகுதிக்கும் முதுகு படும் பக்கத்துக்கும் நைலான் கேட்பேன், மீதி எதுவாக இருந்தாலும் சரி. சீட்டில் உரசி உரசி முதலில் ஓட்டை விழுவது அடிப்பகுதியில்தான், அங்கே இரட்டைத் துணி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். இன்னொன்று, இரண்டுமே உருகும் துணிகள். நைலான் வகையைப் பொறுத்துச் சுமார் 220 அல்லது 260 டிகிரி செல்சியஸில் உருகும், பாலியஸ்டர் கிட்டத்தட்ட 260இல். சூடான சைலன்ஸர் குழாய்க்கு அது பெரிய சூடே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பையை இறக்கிப் பக்கத்தில் சாய்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் சைலன்ஸர் இல்லாத பக்கமாக வையுங்கள்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்த பையை நம்பி மழையில் ஒரு மணிநேரம் ஓட்டினேன். உள்ளே லேப்டாப் நனைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: முழுக்க ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பாதி உண்மையைச் சொல்லி விற்றிருக்கிறார்கள். துணி தண்ணீர் விடாததாகவே இருந்திருக்கும். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓட்டை, ஜிப்பின் பற்களுக்கு நடுவே முழுக்க இடைவெளி, தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கும். நிற்பவர் மேல் மழை மேலிருந்து விழுகிறது, எண்பதில் போகிறவர் மேல் அதே மழை குழாயைத் திறந்து பீய்ச்சுவதுபோல முன்னாலிருந்து வருகிறது, உங்கள் ஜாக்கெட்டில் வழிந்து, கழுத்தின் பின்பக்கமாக இறங்கிப் பைக்கும் முதுகுக்கும் நடுவே தேங்குகிறது. முதுகு படும் பக்கத்தில் பூச்சே இல்லாத வலைத்துணி வைத்த பைகள் பல உண்டு. அங்கிருந்து ஊறி, முதுகை ஒட்டியிருக்கும் லேப்டாப் அறைக்குள் போகும். உங்கள் பையை உள்ளே புரட்டிக் கறையைப் பாருங்கள், அந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையிலேயே தண்ணீர் விடாத பை எப்படி இருக்கும் தெரியுமா? தையலே இருக்காது, தார்ப்பாய் மாதிரியான கெட்டித் துணியைச் சூட்டில் ஒட்டவைத்து இணைத்திருப்பார்கள். வாய்க்கு ஜிப் இருக்காது, மூன்று நான்கு தடவை சுருட்டிப் பக்கிள் போட்டு மூடுவதுபோல இருக்கும். இரண்டு சுற்று சுருட்டினால் போதாது, மூன்றுக்குக் குறையக் கூடாது, அதனால் வாய்வரை சாமானை அடைக்க முடியாது. ஐபிஎக்ஸ்6 என்று தரம் போட்டிருந்தால் பலமாகப் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள், மழைப் பயணத்துக்கு அது போதும். இந்த வகைப் பைகளில் குறையும் உண்டு, அவசரத்துக்கு ஒரு பேனாவை எடுக்க வேண்டுமானால்கூட முழுவதும் அவிழ்க்க வேண்டும், முதுகில் காற்றும் போகாது.

தினசரி ஆட்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. சாதாரண நல்ல பையையே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே சுருட்டி மூடும் மெல்லிய நீர்புகாப் பை ஒன்றைப் போட்டு, நனையக் கூடாததை எல்லாம் அதற்குள் வையுங்கள். வெளியே என்ன நனைந்தாலும் கவலையில்லை. பையோடு கொடுக்கும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கத்தை அது மூடாது, வேகத்தில் காற்று உள்ளே புகுந்து பலூன் மாதிரி உப்பிக் கழன்று பறந்துவிடும். பறந்து பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கலாம், உங்கள் பின்சக்கரத்திலேயே சிக்கலாம். உறையைப் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் அதன் கொக்கியோ நாடாவோ தோள்பட்டியில் மாட்டும்படி இருக்க வேண்டும், அப்படி இல்லாத உறையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இரண்டு மூன்று வருடப் பையின் உள்பக்கம் பிசுபிசு என்று ஒட்டி, பொடிப் பொடியாகத் தோல் உரிந்து வருகிறது என்று வேறு ஒருவரும் எழுதியிருந்தார். அது பாலியுரித்தேன் பூச்சு. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் ரீதியாகவே சிதைந்துவிடும், திரும்ப ஒட்ட வழியில்லை. நனைந்த பையை அப்படியே சுருட்டி அலமாரியில் போட்டு வைத்தால் இது சீக்கிரம் வரும். மழையில் வந்த அன்றே ஜிப்புகளை எல்லாம் திறந்து, தலைகீழாகத் தொங்கவிட்டு, நிழலில் காயவிடுங்கள்.

கேள்வி: என் மகன் கல்லூரிக்கு பைக்கில் போய் வருகிறான். புத்தகம், லேப்டாப், தண்ணீர் பாட்டில், விளையாட்டுச் சாமான் எல்லாம் ஒரே பையில். சாயங்காலம் வந்தால் கழுத்து வலி, தோள் வலி என்கிறான். பெரிய பையாக வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: அம்மா, பெரிய பை வாங்கித் தராதீர்கள். இடம் இருந்தால் பிள்ளைகள் அதையும் நிரப்பிவிடுவார்கள், தினசரிக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து லிட்டர் தாராளம்.

முதலில் ஒரு நாள் பையைத் தராசில் வைத்துப் பாருங்கள். பைக்கில் முதுகில் மாட்டுவது ஐந்து கிலோவுக்குள் இருந்தால் நல்லது, அதைத் தாண்டும் சாமானை வண்டிதான் சுமக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ, அதை நிரப்பாமல் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். விளையாட்டுச் சாமானைப் பின்சீட்டில் ஒரு சின்னப் பையில் கட்டலாம். கட்டும்போது முனையில் கம்பிக் கொக்கி வைத்த ரப்பர் கயிறு வேண்டாம், இழுத்து மாட்டும்போது கை வழுக்கினால் அந்தக் கொக்கி நேரே கண்ணுக்குத்தான் வரும். பக்கிள் வைத்த தட்டை நாடா எவ்வளவோ மேல். கட்டிய பை பின்விளக்கையும் இண்டிகேட்டரையும் மறைக்கக் கூடாது.

எடை குறைந்த பிறகும் வலித்தால் பட்டியின் நீளத்தைப் பாருங்கள். பிள்ளைகள் பையைத் தாழ்வாகத் தொங்கவிட்டு மாட்டுவார்கள். அப்படி மாட்டினால் பை முதுகிலிருந்து விலகித் தோளைப் பின்னால் இழுக்கும், ஹேண்டிலைப் பிடிக்கக் கை முன்னால் போகும், நடுவில் கழுத்துத் தசைதான் மாட்டிக்கொள்ளும். பட்டியை இறுக்கிப் பையை முதுகோடு ஒட்டவைத்து, லேப்டாப் மாதிரிக் கனமானதை முதுகை ஒட்டியும் நடு உயரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். அவன் வண்டியின் மேல் உட்கார்ந்து, ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு அளவைச் சரிசெய்ய வேண்டும். நின்றபடி சரிசெய்தால் உட்கார்ந்ததும் எல்லாம் மாறிவிடும். முக்கியமாகத் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் சாய்ந்து ஓட்டும் வண்டியாக இருந்தால் பையின் மேல்முனையில் ஹெல்மெட்டின் பின்பக்கம் இடிக்கும், கழுத்து முழுதாகத் திரும்பாது. அப்படி இடித்தால் அந்தப் பை எவ்வளவு நல்ல தையலாக இருந்தாலும் அவனுக்கு ஆகாது, உயரம் குறைந்ததாகப் பாருங்கள்.

கேள்வி: பை மாட்டியிருந்தால் கீழே விழும்போது முதுகுக்குப் பாதுகாப்புதானே? அதற்காகவே எப்போதும் மாட்டிக்கொள்கிறேன்.

பதில்: தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். உள்ளே மெத்தென்று துணிமணி மட்டும் இருந்தால் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் யார் பையில் துணி மட்டும் இருக்கிறது? வண்டிப் பூட்டு, ஸ்பேனர், சார்ஜர், ஸ்டீல் பாட்டில், லேப்டாப்பின் விளிம்பு. மல்லாந்து விழும்போது இவற்றில் ஒன்று தரைக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இருந்தால் அடி முழுவதும் அந்த ஒரு இடத்தில் இறங்கும். ஈரச் சாலையில் நான் ஒரு முறை மெதுவான வேகத்தில்தான் வழுக்கினேன், ஜாக்கெட்டில் கீறல்கூட இல்லை. பையில் கிடந்த சங்கிலிப் பூட்டு இடுப்புக்குச் சற்று மேலே பதிந்த காயம் ஆற ஆறு வாரம் ஆனது. அதிலிருந்து பூட்டை வண்டியில்தான் மாட்டுகிறேன், கருவிகள் சீட்டுக்கு அடியில். பையில் இரும்பு எதையும் வைப்பதே இல்லை.

முதுகுக்கென்றே தனியாகக் காப்பு இருக்கிறது. ஐரோப்பியத் தரம் இஎன் 1621-2 என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். 50 ஜூல் ஆற்றலோடு ஒரு கட்டையை அதன் மேல் விழவைத்து, அடுத்த பக்கம் எவ்வளவு விசை போய்ச் சேருகிறது என்று அளப்பார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 9க்குள் இருந்தால் இரண்டாம் நிலை. இரண்டாம் நிலையே வாங்குங்கள், பாதி விசைதான் உள்ளே வரும். ஜாக்கெட்டோடு வரும் மெல்லிய பஞ்சுத் தகட்டில் இந்த எண் இல்லை என்றால் அது வெறும் நிரப்பல், அதை எடுத்துவிட்டு அதே பாக்கெட்டில் அசல் காப்பைச் சொருகலாம். இந்தத் தரத்தில் சோதித்த காப்பை முதுகுப் பக்கத்தில் வைத்த, வெளியே கெட்டியான ஓடு போட்ட பைகளும் இருக்கின்றன, ஆனால் பை இல்லாத நாளிலும் முதுகு இருக்கிறதே, அதனால் காப்பு ஜாக்கெட்டில் இருப்பதைத்தான் நான் விரும்புவேன்.

பை எந்த வகையானாலும் ஒன்று செய்யுங்கள். ஜாக்கெட்டின் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் பட்டையைப் பை மறைத்துவிடும், கறுப்புப் பை என்றால் இரவில் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். பையிலும் அந்தப் பட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் வாங்கித் தைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஒல்லியான உடம்புக்காரி. எந்தப் பையை மாட்டினாலும் பட்டி தோளிலிருந்து நழுவுகிறது, ஓட்டும்போதே ஒரு கையால் இழுத்துவிட வேண்டியிருக்கிறது. மார்புப் பட்டியைப் போட்டால் இடம் சரியில்லாமல் அழுத்துகிறது.

பதில்: ஓட்டும்போது ஒரு கையை எடுக்க வைக்கும் பையை உடனே மாற்றுங்கள், இதில் பொறுத்துக்கொள்ள எதுவும் இல்லை. உங்களுக்குப் பட்டிகளின் மேல்முனைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகத் தொடங்கும் பை வேண்டும். அகலத் தோளுக்கு அளவெடுத்த பையில் அவை விலகி இருக்கும், குறுகிய தோளில் நிற்காது. பட்டி நேராக இல்லாமல் வளைந்து கீழிறங்குவதாக இருந்தால் அக்குள் பக்கமும் மார்புப் பக்கமும் அழுத்தாது. மார்புப் பட்டி ஒரே இடத்தில் தைத்ததாக இல்லாமல் மேலும் கீழும் நகர்த்தும்படி இருக்க வேண்டும், அதைக் காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, மார்புக்கு மேலே நிறுத்திப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான பெண்களுக்கு அந்த உயரம் சரிவரும். மூச்சை இழுத்து விட்டால் பிடிக்கக் கூடாது.

பைக்குக்கென்றே செய்யும் பைகளில் தோள்பட்டிகள் இரண்டும் மார்புக்கு நடுவே ஒன்றுசேர்ந்து, அங்கிருந்து பக்கவாட்டில் விலா வழியாகப் பின்னால் போகும் அமைப்பு உண்டு. கிரீகா போன்ற நிறுவனங்கள் இதை வைத்தே பெயர் வாங்கின. அதில் பாரம் தோளிலிருந்து இறங்கி மார்பெங்கும் பரவும், நழுவ வழியே இல்லை, கை முழுதாக அசையும். சாதாரணப் பையைவிட விலை கூடுதல்தான், நீண்ட தூரம் போகிறவராக இருந்தால் தயங்காதீர்கள். ஆனால் சின்ன உடம்புக்கு அந்த அளவு சுருங்குகிறதா என்று மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இறுக்கிய பிறகு மீதம் தொங்கும் நாடா முனைகளைச் சுருட்டி வெல்க்ரோவிலோ எலாஸ்டிக் வளையத்திலோ அடக்குங்கள். வேகத்தில் அவை சாட்டை மாதிரி அடிக்கும், நீளமானது செயினில் சிக்கினால் விளைவு மோசமாக இருக்கும்.

கேள்வி: பை நன்றாகத்தான் இருக்கிறது, ஜிப் மட்டும் மூடினாலும் பின்னால் திறந்துகொண்டே வருகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், வேண்டாம். பல் உடையாமல் இப்படிப் பிளந்து வருகிறது என்றால் தேய்ந்தது ரன்னர்தான். தூசி மணல் மாதிரி வேலை செய்து அதன் உள்வாயை அறுத்து அகலமாக்கிவிடும், பற்களை நெருக்கிச் சேர்க்க அதனால் முடியாது. தையல்காரரிடம் கொடுத்தால் அதே எண்ணில் புது ரன்னர் மாற்றிவிடுவார், பழைய ரன்னரின் பின்பக்கத்திலேயே எண் இருக்கும். அவசரத்துக்குக் குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெல்ல அழுத்தினால் சில வாரம் ஓடும், பலமாக அழுத்தினால் உடைந்துவிடும்.

புதுப் பை வாங்கும்போது பெரிய அறைக்கு 8 அல்லது 10ஆம் எண் ஜிப் இருக்கிறதா பாருங்கள். மூடிய நிலையில் பற்களின் அகலம் கிட்டத்தட்ட அத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். 5 என்பது சின்னப் பாக்கெட்டுக்குப் போதும், பெரிய வாய்க்குப் போதாது. ஜப்பானிய ஜிப் நிறுவனமான ஒய்கேகேயின் பெயர் ரன்னரில் பொறித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, பொதுவாக ஜிப்பில் மிச்சம் பிடிக்காதவர் தையலிலும் பிடிக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஜிப் மூலையில் செங்குத்தாகத் திரும்பாமல் வளைந்து திரும்ப வேண்டும். அப்புறம் இரண்டு ரன்னர்களையும் உச்சியில் சேர்த்து மூடாதீர்கள், ஆட்டத்தில் தானாக விலகும், பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

கேள்வி: பின்னால் ஆள் உட்காரும்போது பை யாரிடம் இருக்க வேண்டும்?

பதில்: முடிந்தால் இருவரிடமும் வேண்டாம், வண்டியில் கட்டுங்கள். ஓட்டுபவர் முதுகில் இருந்தால் பின்னால் இருப்பவரை அது பின்னுக்குத் தள்ளும், பிடிமானமும் போகும். ஓட்டுபவர் மார்பில் மாட்டுவது அதைவிட மோசம், ஹேண்டில் முழுதாகத் திரும்பாது, மீட்டரும் தெரியாது. வேறு வழியே இல்லை என்றால் பின்னால் இருப்பவர் மாட்டட்டும், இரண்டு மூன்று கிலோவுக்குள், முதுகோடு ஒட்டி, அடிப்பகுதி சீட்டில் லேசாக உட்காரும்படி. அப்படிப் போகும்போது வண்டியை வெடுக்கென்று கிளப்பாதீர்கள், பையின் கனம் அவரைப் பின்னால் சாய்க்கும்.

கேள்வி: பையை வாஷிங் மெஷினில் போடலாமா? புகை, எண்ணெய், வியர்வை எல்லாம் சேர்ந்து நாற்றம் தாங்கவில்லை.

பதில்: மெஷின் வேண்டாம். சுழற்சியில் பூச்சு வெடிக்கும், உள்ளே இருக்கும் பஞ்சுத் தகடு மடிந்துவிடும், பக்கிள் உடையும். எல்லா ஜிப்பையும் திறந்து, உள்ளே இருக்கும் மண்ணை உதறி, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு அரை மணிநேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தோள்பட்டியையும் முதுகுப் பக்கத்தையும் தேயுங்கள். வியர்வை உப்பு தங்குவது அங்கேதான். ஜிப்பின் பற்களையும் அதே பிரஷ்ஷால் தேயுங்கள், ரன்னரின் ஆயுள் கூடும். துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் சேர்க்காதீர்கள், தண்ணீர் ஒட்டாத மேல்பூச்சை அது கெடுத்துவிடும். எண்ணெய்க் கறையைப் பெட்ரோல் போட்டுத் துடைக்கும் ஆட்கள் உண்டு, பூச்சும் பஞ்சும் சேர்ந்து வீணாகும், நாற்றமும் வாரக்கணக்கில் போகாது. பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பைக் கறையில் மட்டும் தடவிக் கால் மணிநேரம் விட்டுக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். பிழியாமல் தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள், தோள்பட்டிக்குள் இருக்கும் பஞ்சு காய இரண்டு நாள்கூட ஆகும், அது முழுக்கக் காய்வதற்குள் சாமானை அடைத்து மாட்டிக்கொண்டு போனால் அதே நாற்றம் திரும்ப வரும்.